பெரிய ஸ்கிரீன் வேண்டாம்

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடத்தில், கேமிங் லேப்டாப் வாங்கியே தீர வேண்டும் என்று மச்சான் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தார். மச்சான் என்று நான் சொல்வது என் கணவரை. என் அப்பாவின் அக்கா மகன். அத்தை வீடு பொன்னமராவதியில், எங்கள் வீடு வல்லத்திராக்கோட்டையில். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் அத்தை வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே மாமா யாரிடமோ பாதி விலைக்கு வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் கார்ப் பந்தய விளையாட்டு. ஒரே கீபோர்டில் இந்தப் பக்கம் நாலு பட்டன் எனக்கு, அந்தப் பக்கம் நாலு பட்டன் அவருக்கு. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து விளையாடுவோம். தோற்றால் நான் அழுவேன். அதற்காகவே கடைசி வளைவில் அவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பாராம். கல்யாணத்துக்குப் பிறகுதான் இதைச் சொன்னார். எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

கல்யாணமான பிறகு புதுக்கோட்டையில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிவந்தோம். அவர் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தார். நான் தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். வெளியாட்கள் இருந்தால் அவரை வாங்க, போங்க என்பேன். தனியாக இருந்தால் சின்ன வயசில் கூப்பிட்டது போலவே வா, போதான். விளையாடுவதை மட்டும் இருவருமே விடவில்லை. ஆனால் வீட்டில் இருந்தது, பிளஸ் டூ படிக்கும்போது எனக்கு இலவசமாகக் கிடைத்த லேப்டாப். அதில் வேர்டு திறப்பதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்துவிடலாம்.

அந்த வருடம் ஒரு புது விளையாட்டைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மலையும் காடும் பாழடைந்த கோட்டைகளுமாகப் பெரிய தேசம். குதிரையில் ஏறிக்கொண்டு எங்கிட்டு வேண்டுமானாலும் போகலாம். மச்சான் அதன் வீடியோக்களைப் போனில் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பார்.

"இத வெளையாடணும் புள்ள. அந்த மேப்பு முழுசையும் ஒரு தடவ சுத்திப் பாத்துரணும்."

"பாக்கலாம். அடுத்த வருஷம் வாங்குவோம்."

"அடுத்த வருஷமெல்லாம் வேணாம். இந்த வருஷமே."

எதற்கும் அவசரப்படாத மனுஷன். சட்டை எடுக்கவே தீபாவளிக்கு முந்தின நாள்தான் கிளம்புவார். அவர் இதற்கு இப்படி நிற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் கட்டிவந்த சீட்டு அந்த ஆடியில் விழுந்தது. எழுபதாயிரத்துக்குள் முடித்துக்கொள்வது என்று பேசிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாதம், எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல மாதம் என்று இப்போதும் நினைக்கிறேன். சமைக்கும்போது லேப்டாப் பேச்சு, துணி காயப்போடும்போது லேப்டாப் பேச்சு. யூடியூபில் ஒருவர் ஒன்றை ஆஹா என்பார், இன்னொருவர் அதையே தொடாதே என்பார். நான் டீச்சராயிற்றே, சட்டமாகச் சொல்லிவிட்டேன்: காசு பற்றவில்லை என்றால் எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம், ஸ்கிரீனில் படத்தை ஓடவிடுகிற கிராபிக்ஸ் கார்டில் மட்டும் கூடாது. ராம் பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எஸ்எஸ்டியை மாற்றிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டு, வாங்கிய அன்றைக்கு என்னவோ அதுதான் கடைசி வரைக்கும். கீபோர்டில் ஏழு கலரில் லைட் எரிவதற்கெல்லாம் காசு கொடுக்கக் கூடாது. இப்படிப் பேசிப் பேசி ஆறு ஜிபி கார்டு, பதினேழு இன்ச் ஸ்கிரீன் உள்ள ஒன்றை முடிவு செய்தோம். விலை எங்கள் காசுக்குச் சரியாக வந்தது. "பெரிய ஸ்கிரீன்னா ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்" என்றேன். அவர் தலையாட்டினார்.

ஆன்லைனில் போட்டுவிடலாம் என்றால் நேரில் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் பஸ் ஏறினோம்.

கடையில் நாங்கள் கேட்டதை எடுத்து வைத்து, ஒரு விளையாட்டையும் ஓடவிட்டார் விற்பனையாளர். இளவயசுக்காரர், சிரித்த முகம். ஸ்கிரீன் நன்றாக, அகலமாக இருந்தது. மச்சான் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலை இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. ஸ்கிரீனின் இந்த மூலையைப் பார்க்கத் தலையை இப்படி, அந்த மூலையைப் பார்க்கத் தலையை அப்படி.

"என்ன சார், டென்னிஸ் மேட்ச் பாக்குற மாதிரி பாக்குறீங்க?" என்று விற்பனையாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஓரத்திலிருந்து வந்த ஒருவன் வெட்டினான், மச்சானின் ஆள் விழுந்தான். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் ஓரத்திலிருந்துதான் ஒருவன் வந்தான், மச்சானின் ஆள் விழுந்தான்.

அவர் எழுந்து வரிசையாக மற்ற லேப்டாப்களைப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் இருந்த ஒரு சின்ன லேப்டாப் முன்னால் நின்றுவிட்டார். பதினாலு இன்ச். நாலு ஜிபி கார்டுதான். ஆனால் ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது.

"இத எடுத்துக்கலாமா?"

விலையைப் பார்த்தேன். அதே விலை. "மச்சான், அதே காசுக்குச் சின்ன ஸ்கிரீனு, கம்மி கார்டு. ஒரு மாசமா நம்ம என்னங்க பேசுனோம்?"

"பெரிய ஸ்கிரீன் வேணாம். இது நல்லா வெளிச்சமா இருக்கு."

"வெளிச்சத்த வச்சு என்ன செய்ய? லைட்டா வாங்க வந்தோம்?"

"எனக்கு இதுதான் சரியாத் தெரியுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து விற்பனையாளர் எங்களைச் சமாதானப்படுத்துவதுபோல இரண்டு கப் டீயை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்து மச்சானின் இடது பக்கம் நின்று நீட்டினார். "சார், டீ எடுத்துக்கங்க" என்று சொல்லவும் சொன்னார். மச்சான் திரும்பினார். தட்டு அவர் முழங்கைக்கு ஓரடி தூரத்தில் இருந்தது. அதன்மேலேயே இடித்துக்கொண்டார். டீ முழுக்க அவர் சட்டையிலும் தரையிலும்.

"கண்ணு எங்க மச்சான் இருக்கு ஒனக்கு?" என்றேன், கடையென்றும் பார்க்காமல்.

அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். டீ கொட்டியதற்காக யாரும் அப்படி ஆக மாட்டார்கள். விற்பனையாளரிடம், "தப்பு என்மேலதான், மன்னிச்சுக்கங்க" என்று நாலைந்து தடவை சொன்னார். நாங்கள் எதுவும் வாங்காமல் வெளியே வந்தோம்.

புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். அவர் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். எனக்குக் கோபம் ஆற ஆற, வேறு என்னவெல்லாமோ நினைவுக்கு வந்தது. ஒரு வருடமாக ஆபீஸுக்குப் பைக் எடுப்பதில்லை, கேட்டால் பெட்ரோல் விலை என்பார். சினிமாவுக்குப் போனால் லைட் அணைப்பதற்கு முன்பே சீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். நான் லேட்டாக்கினால் படத்துக்கே வர மாட்டார். கரண்ட் போனால் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். சோம்பேறி என்று நான் திட்டிக்கொண்டே மெழுகுவத்தி தேடுவேன்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பொழுது மசங்கிவிட்டது. எப்போதும்போல என் தோளில் கையை வைத்துக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படிக்கு அடுத்து இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்துத் தடுமாறினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், ஒரு மூடிய கடைக்கு முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"என் மூஞ்சியவே பாரு. அங்கிட்டு இங்கிட்டுத் திரும்பாத."

அவர் காதுக்குப் பக்கத்தில் என் கையை வைத்து மெதுவாக முன்னால் கொண்டு வந்தேன். "என் கை தெரியுதா?"

"இல்ல."

இன்னும் கொண்டு வந்தேன். "இப்ப?"

"இல்ல புள்ள."

கன்னத்தைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மூக்குக்கு நேராகக் கை வருகிற சமயத்தில், "இப்ப" என்றார்.

நான் மறு பக்கமும் வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். பக்கத்தில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

காலேஜ் படிக்கும்போதே இருட்டில் சரியாகத் தெரியாதாம். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அதற்கு முந்தின வருடம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், டார்ச் அடித்துப் பார்த்தவர், மதுரைக்குப் போய்க் காட்டுங்க என்று சொல்லியிருக்கிறார். இவர் போகவில்லை. போனால் நோய்க்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள் என்று பயம். போனில் தேடித் தேடி அந்தப் பெயரைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"அதான் இந்த வருஷமேன்னு சொன்னியா?"

தலையாட்டினார்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அப்ப, படியிறங்கையில, தியேட்டருல, எல்லாம் என் தோளப் பிடிச்சுக்கிட்டு வந்தது இதுக்குத்தானா? நான் ஆசைலன்னுல்ல நெனச்சேன்."

"ரெண்டுக்குந்தான்" என்றார்.

இரண்டு நாள் கழித்து மதுரைக்குப் போய், கண் ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுக்க இருந்தோம். சொட்டு மருந்து விட்டு, படமெடுத்து, கடைசியில் ஒரு மிஷினுக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னும். மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளிச்சம் மின்னிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் விரல் பட்டன்மேல் அப்படியே இருந்தது. எப்போதாவது ஒரு தடவை அழுத்தினார்.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேம் மாதிரிதான் இருந்துச்சு புள்ள. தோத்துட்டேன்."

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குள் இருக்கிற விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வருகிறது. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் அவருக்கு உலகம். அந்தக் குழாயும் சுருங்கும். எவ்வளவு சீக்கிரம் என்று சொல்ல முடியாது. நிறுத்த மருந்து இல்லை. பிறகு கேட்டார்: "உங்க அப்பா அம்மா சொந்தமா?" ஆமாம், மாமாவும் அத்தையும் முறைப்பையன், முறைப்பெண். "நீங்க ரெண்டு பேரும்?" நான் தரையைப் பார்த்தேன். குழந்தை பெற்றுக்கொள்வதற்கு முன் எனக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்றார்.

கிளம்பும்போது மச்சான் கேட்டார்: "மேடம், லேப்டாப் பாக்கலாமா? கேம் வெளையாடலாமா?"

"தாராளமா. அதனால ஒண்ணும் கெடாது. ஸ்கிரீன் சின்னதா, வெளிச்சமா இருந்தா உங்களுக்கு வசதி. பெருசா இருந்தா ஓரம் தெரியாது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

அடுத்த வாரமே திருச்சிக்குப் போய் அந்தப் பதினாலு இன்ச் லேப்டாப்பை வாங்கினோம். அதே விற்பனையாளர்தான். "அக்காவ ஒருவழியா சரி பண்ணிட்டீங்க சார்" என்றார். நான் சிரித்துவைத்தேன்.

விளையாடினோம். ஆபீஸிலிருந்து வந்து, சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்துவிடுவோம். குதிரையில் அவர் போவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓரங்களைப் பார்த்துச் சொல்வேன். "இடப் பக்கம் ஒரு பாலம் இருக்கு. வலது பக்கம் மேல ரெண்டு பேர் வர்றானுக, வில்லு வச்சிருக்கானுக." நன்றாகத்தான் போனது. மலை உச்சியில் குதிரையை நிறுத்திவிட்டு, கீழே தெரிகிற பள்ளத்தாக்கைப் பார்க்க மெதுவாகத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாக அவர் பார்ப்பார். அவசரப்படுத்த மாட்டேன். முழுசாக எனக்கு ஒரே பார்வையில் தெரிந்ததை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

என் ரத்தப் பரிசோதனை முடிவு அதற்குள் வந்துவிட்டது. எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோளாறு என் உடம்பிலும் மறைந்து இருக்கிறது. எங்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். வேறு வழிகள் இருப்பதாகவும் சொன்னார்கள். அவை எங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து மச்சான் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேணாம் புள்ள" என்றார்.

"பாதிக்குப் பாதிதான மச்சான். வராமலும் போகலாம்ல?"

"வந்துச்சுன்னா? பிள்ள எங்க இடிச்சுக்கிட்டு நிக்கிதுன்னு எனக்குத் தெரியுமா? நீ ஒருத்தி எத்தன பேருக்குத் தோளக் குடுப்ப?"

நான் ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். ஸ்கூலில் எல்கேஜி பிள்ளைகள் வரிசையாகப் போகும்போது நான் கம்ப்யூட்டர் லேபுக்குள் போய்விடுவேன்.

அத்தையிடம் கண்ணைப் பற்றி மட்டும் சொன்னோம். பொன்னமராவதி வீட்டு வாசலிலேயே அத்தை உட்கார்ந்துவிட்டார்கள். "சொந்தத்துல கட்டுனா பிள்ளைகள் கண்ணு முன்னாடியே இருக்கும்னுதான ஆத்தா நெனச்சோம். இப்புடி அவன் கண்ணுலயே வந்து நிக்கும்னு யாரு கண்டா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பேரப்பிள்ளயப் பெத்துக் குடுத்துரு. அவன் கண்ணு இருக்குறப்பவே பாத்துக்கிரட்டும்" என்றார்கள். மச்சான் பக்கத்தில்தான் இருந்தார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

லேப்டாப் வாங்கிய இரண்டாவது வருடம், விளையாட்டில் பாலங்களிலிருந்து விழ ஆரம்பித்தார். நான் சொல்வேன், அவர் திரும்புவதற்குள் குதிரை பள்ளத்தில் இருக்கும். முதலில் சிரித்தோம். பிறகு நான் குரலை உயர்த்தினேன், அவர் மவுஸைத் தட்டினார். ஒருநாள் மவுஸை என் பக்கம் நகர்த்தி வைத்து, "நீ ஓட்டு, நான் கூட வாரேன்" என்றார். அதற்குப் பிறகு நான் விளையாட, அவர் வழி சொன்னார். பார்க்காமலே அந்த மேப் முழுக்க அவருக்கு மனப்பாடமாக இருந்தது. வடக்கே ஒரு பனிமலை மட்டும் நாங்கள் போகாத இடமாகப் பாக்கி இருந்தது. அங்கே போகலாமா என்று ஒருநாள் கேட்டேன். "எங்க பாத்தாலும் பனி மூட்டமாத்தான் தெரியுது புள்ள. அங்க போயி என்ன?" என்றார். நடுவில் மிச்சமிருந்த பார்வையும் மங்கத் தொடங்கியது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அன்றைக்கு மூடியதுதான் அந்த விளையாட்டு. பிறகு திறக்கவில்லை.

ஆடிட்டர் நல்ல மனிதர். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஸ்கிரீனில் இருப்பதைப் படித்துச் சொல்கிற சாஃப்ட்வேரை நான்தான் போட்டுக் கொடுத்தேன். எப்படிப் பயன்படுத்துவது என்று முதலில் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு படித்தேன், பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கற்றுக்கொண்டுவிட்டார். இப்போது அந்தக் குரலை நமக்குப் புரியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறார்.

போன மாதம் ஸ்கூலில் ஆண்டு விழா ஒத்திகை. நான் வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. மசங்கி, தெரு விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. பதறித் திறந்தேன்.

உள்ளே கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப். ஸ்கிரீனில் வெளிச்சமே இல்லை. பேட்டரி மிச்சமாகும் என்று அவரே அணைத்து வைத்திருக்கிறார். காதில் இயர்போன். இருட்டுக்குள் கீபோர்டு சத்தம் மட்டும் வேகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முகம் அமைதியாக இருந்தது. ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டது போல, லேசாகச் சிரிப்புக்கூட இருந்தது.

நான் பையைத் தோளில் மாட்டியபடியே வாசலில் நின்றேன். சத்தம் வராமல்தான் நின்றேன். எப்படியோ தெரிந்துகொண்டார். ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தார்.

"வந்துட்டியா? ஏன் அங்கேயே நிக்கிற? லைட்டப் போடு புள்ள, ஒனக்குத் தெரியாதுல்ல."

போட்டேன். பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாலைக் காய வைத்தேன். பின்னால் மறுபடியும் கீபோர்டு சத்தம் ஆரம்பித்தது.